மாணவர் விலை

"பொண்ணு வரலையா சார்?"

"அவ வர மாட்டாம்மா. அவ காலேஜ் கார்டு கீதே, அது போதாதா?"

ரோகிணிக்கு அப்போதே சுருக்கென்றது. மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள இந்தக் கம்ப்யூட்டர் கடையில் இரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். மாணவர் விலையில் சாஃப்ட்வேர் கேட்டு வருகிறவர்களின் வண்டவாளம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளை பேரைச் சொல்லிப் பாதி விலைக்கு வாங்க வேண்டியது, நேராகக் கொண்டுபோய் ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்குத் தள்ள வேண்டியது!

போன மாதம் ஒரு ஆள் அப்படி நாமம் போட்டுவிட்டுப் போக, கம்பெனியிலிருந்து கடைக்கு நோட்டீஸே வந்துவிட்டது. "இன்னொரு தபா இப்டி ஆச்சு, நீ வூட்லயே இருந்துக்கோ" என்று முதலாளி கலைவாணன் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் அவள் வீட்டில் சோற்றுக்குத் திண்டாட்டம்தான்.

ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை. பெயர் ஜானகிராமன் என்றார். கார்டில் சிரித்துக்கொண்டிருந்த பெண் வைஷாலி. ஆர்க்கிடெக்சர், மூன்றாம் வருஷம்.

"இன்னா சாஃப்ட்வேர் வேணும்?"

"வூடு பிளான் வரையறது. பேரு வாயில நுழைய மாட்டேங்குது. வூட்ல கம்ப்யூட்டர் கீது, அதுல போடணும்."

"எந்த வருஷத்து வெர்ஷன்?"

"எதுவா இருந்தா இன்னாம்மா? சீக்கிரம் குடு."

ஆஹா, சாயம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

"பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. நானே கேட்டுக்கிறேன்."

"போனு போவாதும்மா."

"ஏன்?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இதப் பாருங்க சார், பேஜாரு பண்ணாதீங்க. இதே வேலைய செய்யறது, சும்மாவே கிடைக்கிறது ஒண்ணு கீது. கார்டும் வேணாம், டப்பும் வேணாம். நானே பென் டிரைவ்ல ஏத்தித் தரேன், எடுத்துக்கினு கிளம்புங்க."

வேறு யாராக இருந்தாலும் வாயெல்லாம் பல்லாகியிருக்கும். இந்த மனுஷன் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. ஸ்டூடண்ட்டுதுதான் வேணும். பொண்ணுக்கு மெயில் போவுமே, அது. போன வருஷம் வாங்கறப்ப அவளுக்கு வந்துச்சு."

"போவும். 'உங்க பேர்ல இன்னார் வாங்குறாரு, நீங்க கேட்டதுதானா?'ன்னு வரும். அவங்க 'ஆமா'ன்னு அமுக்கினாதான் பில்லே போட முடியும்."

"அவளேதான் அமுக்கணுமா? வேற யார்னா அமுக்கிட்டா?"

புத்தி எங்கே போகிறது பாருங்கள்!

"நடக்கவே நடக்காது சார். ஆமாவோ இல்லையோ, கேமராவுல அந்தப் பொண்ணு மூஞ்சியக் காட்டினாதான் அமுக்கவே முடியும்."

"அப்ப அனுப்பும்மா. இப்பவே அனுப்பு."

வசமாக மாட்டட்டும் என்று ரோகிணி அனுப்பினாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "பாத்தாளாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அச்சரப்பாக்கம் பஸ் இரண்டு வந்துபோய்விட்டது. கடைக்கு வந்த மற்ற ஆட்களெல்லாம் வாங்கிக்கொண்டு போயாகிவிட்டது. இவர் மட்டும் எழுந்திருப்பேனா என்று உட்கார்ந்திருந்தார். பை வாரை முறுக்கி முறுக்கி விட்டார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள் ரோகிணி.

முக்கால் மணி நேரம் கழித்து ஸ்கிரீனில் பதில் வந்தது.

'இல்லை.' கூடவே ஒரு வரி: 'என் பேரை வைத்து என் அப்பா எதையும் வாங்க வேண்டாம்.'

ரோகிணிக்கு வந்ததே கோபம்!

"இன்னா சார், பெரிய மனுஷன் பண்ற வேலையா இது? உங்க பொண்ணே 'இல்ல'ன்னு அமுக்கிட்டா! அப்பா எதையும் வாங்க வேணாமாம். பெத்த பொண்ணு பேர்லயே ஃப்ராடு பண்றீங்களே, வெக்கமா இல்ல? உங்களால என் வேலைதான் போயிருக்கும்!"

ஜானகிராமன் தடுமாறி எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா அமுக்கினா?"

"இப்பதான். இந்த நிமிஷம்."

"மூஞ்சியக் காட்டினாளா? அவளேதானே?"

"அவளேதான்! சும்மா சும்மா அதையே கேட்டுக்கினு..."

அவர் அப்படியே ஸ்டூலில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ரோகிணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"யாரையோ கட்டிக்கப் போறேன்னா. 'எங்கனா போய்ச் சாவு'ன்னு நான்தாம்மா கதவைச் சாத்தினேன். எட்டு மாசமாச்சு, காலேஜுக்கும் போவல, எங்க கீறான்னே தெரியல. காலைல டூட்டிக்குக் கிளம்பறப்ப போலீஸ்லேருந்து போன். சதுரங்கப்பட்டினம் கரையில ஒரு பொண்ணு ஒதுங்கியிருக்குதாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். அதே உசரம், அதே வயசு. மூஞ்சிதாம்மா தெரியல. உங்க பொண்ணானு சொல்லுங்கன்னு கேட்டா, பெத்தவன் எனக்கே சொல்லத் தெரியல."

ரோகிணியின் கண்ணில் நீர் முட்டியது.

அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆஸ்பத்திரில எனக்காகக் காத்துகினு கீறாங்கம்மா. அது என் பொண்ணு இல்லன்னு போய்ச் சொல்லிடறேன்."