கூஜாவின் அடியில் ஒரு முத்திரை

பழம்பொருள் கடை அலமாரியில் ஒரு வெள்ளிக் கூஜாவின் அலட்டல் தாங்க முடியவில்லை. "என் அடியில் இருக்கிற முத்திரையைப் பார்த்தாயா? அந்தக் காலத்து அமெரிக்கத் தட்டான் தன் கையால் அடித்த பெயர்! உனக்கு உன் அப்பன் பேராவது தெரியுமா?" என்று, காம்பு பாதியில் வெட்டுப்பட்ட வெள்ளிக் கரண்டியைச் சீண்டியது.

ஒருநாள் பூதக்கண்ணாடி வந்து கூஜாவின் அடியை உற்றுப் பார்த்தது. "முத்திரையைச் சுற்றிப் பற்றவைத்த தழும்பு இருக்கிறதே! ஏதோ கரண்டிக் காம்பிலிருந்து வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறார்கள்."

கூஜா கரண்டியைத் திரும்பிப் பார்த்தது. வெட்டுப்பட்ட காம்பும் அந்தத் துண்டும் ஒரே அகலம்.

"உன்னுடையதா?" என்று கண்ணாடி கரண்டியைக் கேட்டது.

"இல்லைங்க. நான் கீழே விழுந்து உடைஞ்சவன்," என்றது கரண்டி.

அன்றிலிருந்து யார் தூக்கிப் பார்க்க வந்தாலும், கூஜா தன் அடியைப் பலகையோடு அழுத்திக்கொள்கிறது.