மாமனாரின் கல்

"நிறுத்துங்க! பேரைத் தப்பா வெட்டிட்டீங்க!"

பெய்ஜென் கத்தியதில் கல்தச்சரின் உளி நின்றது.

"எங்க மாமா லியாவ் குடும்பம். கல்லறைக் கல்லுல ஜாங்னு போட்டிருக்கீங்க. ஜாங் என் குடும்பப்பெயர்!"

"மாமாவா?"

"ஆகப்போறவர். உயிரோட இருந்தவரைக்கும் சம்மதிக்கலை. அவர் போய் நூறு நாளைக்குள்ள முடிக்கணும், இல்லன்னா மூணு வருஷம் காத்திருக்கணும்னு அடுத்த வாரம் கல்யாணம்."

அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் ஷின்ஹாங் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "வா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"தப்பே இல்லம்மா" என்றார் கல்தச்சர். "இவங்க வம்சத்தோட மூதாதை ஒரு ஜாங். லியாவ் வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவர். அதனால இவங்க உயிரோட இருக்கறவரைக்கும் லியாவ், செத்தா கல்லுல ஜாங். ரெண்டும் ஒரே ரத்தம்னு ஜாங் வீட்டுல பொண்ணே எடுக்க மாட்டாங்க. தம்பி, நீ சொல்லலையா?"

பெய்ஜென் திரும்பினாள். ஷின்ஹாங்கின் முகம் வெளுத்திருந்தது.

"தைவான்ல தடுக்கி விழுந்தா ஒரு ஜாங். நீ எந்த ஊரு ஜாங்கோ, எங்களுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? அப்பாதான் கேக்கலை. உங்கிட்ட சொன்னா விட்டுட்டுப் போயிடுவியோன்னு..."

"அப்ப, நான் ரோட்டோரமா உக்காந்து பாக்குக் கடை நடத்தறது அவருக்கு அவமானம்னு சொன்னியே?"

அவன் கல்லில் ஒட்டியிருந்த தூளைக் கையால் துடைக்க ஆரம்பித்தான்.

"அவர் மனசு மாறட்டும்னு, ஒம்பது வருஷமா சோறு போட்ட அந்தக் கடையை நான் மூடிட்டேனேடா!"