தலைவர் என்ன சொல்றார்?

"ஏம்மா, தலைவர் என்ன சொல்றார்? சீக்கிரம் சொல்லு, ஆறு மணிக்கு விருதை அறிவிக்கணும்!"

சர்வதேசத் திரைப்பட விழாவின் செயலாளர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவசரப்படுத்தினார். மொழிபெயர்ப்பாளினி கையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டினாள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நடுவர் குழுத் தலைவர் இப்போதுதான் ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் பேசி முடித்திருந்தார். அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை.

எப்படிப் புரியும்? அந்த மொழி அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அந்தத் தேசத்திலிருந்து யார் வந்து தொலைக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், விண்ணப்பத்தில் 'சரளமாகப் பேசுவேன்' என்று எழுதியிருந்தாள். வந்தே விட்டார். விழா முடிந்ததும் வேலை நிரந்தரமாம். மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், மானமும் போகும்.

மூன்று நாளாக அவர் எதையோ பேச, இவள் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அது வந்து சார்... ரெண்டு படமும் பிடிச்சிருக்காம்."

"விருது எதுக்கு? அதைச் சொல்லும்மா" என்றார் நடுவர்களில் ஒருவரான விமர்சகர். சிரிக்கவைக்கிற எந்தப் படமும் அவருக்கு ஆகாது. "கதவுப் படத்துக்குத்தானே? மூணு மணி நேரம் ஒரே கதவு. உள்ளேருந்து ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கான், கடைசிவரைக்கும் யாரும் திறக்கலை. அடடா! படம் பூரா தலைவர் கூரையைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கிட்டே இருந்தார், கவனிச்சீங்களா? உருகிட்டார்!"

"இந்தப் புழுக்கத்துல நாங்களும்தான் உருகினோம்" என்றார் இன்னொரு நடுவரான நடிகை, விழா மலரால் விசிறிக்கொண்டே. "என் ஓட்டு கழுதை மேயராகிற படத்துக்குத்தான். ஏசி என்னாச்சு சார்?"

"அந்த ஏசிக்காரன் பேச்சையே எடுக்காதீங்க!" செயலாளர் பல்லைக் கடித்தார். "முதல் நாளே வாசல்ல பிடிச்சு மாடி மெஷின் ரூமுக்கு அனுப்பினேன். இன்னும் குளிரைக் காணோம். கேட்டா என்னென்னமோ உளறுறான். ஓடப் பார்த்தான். வேலை முடியாம வெளியே விடாதீங்கன்னு பூட்டச் சொல்லிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பாடு போகுது, அப்புறம் என்ன?"

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்கும் பிடித்தது கழுதைதான். ஆனால் அதைச் சொன்னால் விமர்சகர் ஆயிரம் கேள்வி கேட்பார்.

"தட்டுற சத்தம் காதுல விழுந்தும் திறக்காத மனுஷங்களை நினைச்சா, தலைவருக்கு நெஞ்சு பதறுதாம். விருது கதவுக்குத்தானாம்."

தலைவர் பலமாகத் தலையாட்டினார்.

"எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சுக்காரங்க!" என்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

அறையில் அவளும் தலைவரும் மட்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, நல்லா சமாளிச்சேம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார்! நீங்க தமிழா? அப்போ மூணு நாளா பேசினது?"

"என்ன பேசினேன்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ பக்கத்துல வந்து உக்காந்துட்டே, ஏதாவது பேசித்தானே ஆகணும்?"

"ஐயோ, அப்போ நீங்க யாரு?"

அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருந்த ஒரு பையை இழுத்தார்.

"குளிர் வருதான்னு பார்க்க அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உக்காந்தேன். பூச்செண்டைக் குடுத்துக் கைதட்டிட்டாங்க. சாப்பாடு வேற நல்லா இருந்துச்சு. சரி, இப்பவாவது ஏசியைப் பார்த்துட்டுப் போறேன். மெஷின் ரூம் எங்கம்மா இருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் மாடியில் யாரோ கதவைத் தடதடவென்று தட்டி அலறுவது கேட்டது. அது அவள் சரளமாகப் பேசுவதாக எழுதிக்கொடுத்த மொழியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.