களைத்த கைக்குத் திறக்காது

தூக்கக் கலக்கத்தில் பிள்ளையை நழுவவிட்டுவிடக் கூடாதே என்று, களைத்த கைக்குத் திறக்காத தொட்டிலாகப் பார்த்துக் கட்டிலோரம் வாங்கிப் போட்டவள் நஸ்ரின்தான். பிறந்து பதினோரு நாளான மகன் காலையில் பசித்து அழ, மூடியில் கை வைத்தாள்.

"இருபது நிமிடம் தூங்கிவிட்டுத் தூக்குங்கள்" என்றது தொட்டில்.

"இவன் கத்துறப்ப எப்படித் தூங்குறது?"

பக்கத்து அறையில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த கணவன் இம்தியாஸ் வந்து கை வைத்தான். உடனே திறந்தது.

"எங்கிட்ட சமத்தா திறக்குதே" என்று பிள்ளையை அவள் மடியில் விட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினான்.

பால் குடித்து மகன் உறங்கினான். தொட்டிலில் போட்டு, அவள் இருபது நிமிடம் தூங்குவதற்குள் அவன் விழித்து அழுதால், அவன் அப்பா வரும்வரை அது திறக்காது. மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள் நஸ்ரின். கண்கள் சொருகின.