எந்தக் கால்?

பந்தயத்தில் விழுந்த பிறகு வெள்ளிங்கிரி அறையைவிட்டு வெளியே வருவதில்லை. போர்வைக்கு வெளியே காலைக் காட்டுவதும் இல்லை. மண் தடத்தில் அவன் பைக் ஓட்டிய காலத்து ரசிகர்கள், காஜாவும் துரைக்கண்ணுவும், பார்க்க வந்தபோதும் கதவு சாத்தியே இருந்தது. அவன் மனைவி மயிலாத்தாள் கொடுத்த காப்பியோடு கூடத்தில் உட்கார்ந்து பழைய பந்தயங்களைப் பேச ஆரம்பித்தார்கள்.

"வளைவுல வண்டியச் சாய்ச்சு, வலது காலை மண்ணுல தேய்ச்சுட்டே வருவாரு பாரு," என்றார் காஜா.

"இடதுன்னுல்ல நெனப்பு?"

"நீ எங்கய்யா பந்தயம் பார்த்தே? முறுக்கு விக்கிறவன்கிட்டயே நின்னே. வலதுதான்."

அந்தத் தடத்தில் எல்லா வளைவும் இடப்பக்கம்தான், மண்ணில் தேய்வதும் இடது கால்தான் என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவள், உள்ளே கட்டில் கிரீச்சிடுவதைக் கேட்டு, "வலதுதானுங்ணா," என்றாள் சத்தமாக.

கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி வெள்ளிங்கிரி நின்றான்.

"ஏம்புள்ள, உனக்குமா மறந்துபோச்சு?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இல்லாத ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து, தழும்பேறிய இடது காலை எல்லார் முன்னாலும் மெல்ல நீட்டினான்.

"காஜாண்ணா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றான். "மண்ணு தெறிக்கும்."