'க' நிறுவனம்

கேள்வித்தாளின் மூன்றாம் பந்தியில்தான் 'க' நிறுவனம் எது என்பது சிவரூபனுக்கு விளங்கியது.

துறைமுக நகரொன்றில் இயங்கும் களஞ்சியம். கப்பலில் வரும் சோளத்தை இறக்கி, நிறுத்து, பொதி செய்து, லொறிகளில் அனுப்புகிறது. நிறுவை, பொதியிடல், போக்குவரத்து என மூன்று பிரிவுகள். மழைக்காலத்தில் லொறி வரிசை கோயில் மதில்வரை நீள்கிறது என்பதுகூடத் தவறாமல் குறிப்பிடப்பட்டிருந்தது.

அந்த மதில் அவன் அமர்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

அதே களஞ்சியத்தின் மேல்மாடிச் சிற்றுண்டிச்சாலையில், ஒன்றுக்கொன்று விலக்கிப் போடப்பட்ட மேசைகளில் நால்வர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் ஒப்பந்த ஊழியர்கள். நிரந்தர மேற்பார்வையாளர் பதவி ஒன்றுதான். அது கிடைக்காத மூவருக்கும் மாத முடிவோடு வேலை இல்லை.

கேள்வி சுருக்கமானது: செலவைக் குறைப்பதற்கு 'க' நிறுவனம் எந்தப் பிரிவை மூட வேண்டும்? காரணங்களுடன் சிபாரிசு செய்க.

முன் மேசையிலிருந்த பொதியிடல் பிரிவுப் பஸ்மியா கையை உயர்த்தினாள்.

"சேர், இது எந்தக் கொம்பனி எண்டு..."

"கற்பனைதான் மிஸ்," என்றார் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி. "ஆனா நல்லா எழுதுங்க. முதலாவதா வர்ற விடையை டிரெக்டர்மாரும் பார்ப்பாங்க."

பஸ்மியா திரும்பிச் சிவரூபனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள்.

சிவரூபனுக்குக் கட்டுரை எழுதப் பழக்கியவள் அவன் மனைவி கஜந்தி. பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிப்பவள். மாலைகளில் குசினி மேசையில் அவனுடைய விடைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டுவாள். பிரச்சினை, சான்று, கோட்பாடு, தீர்மானம் என்பது அவளுடைய ஒழுங்கு. சம்பவத்தைத் திருப்பிச் சொல்லக்கூடாது. தாளில் இல்லாததை எழுதக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவில் தயங்கக்கூடாது.

"'லாம்' எண்டு முடிச்சால் புள்ளி இல்லை. 'வேண்டும்' எண்டு எழுதுங்கோ. பரீட்சகர் என்ன, உங்களோட இருந்து யோசிக்கவோ வந்தவர்?"

"இந்த வீட்டிலை நான் 'வேண்டும்' எண்டு சொன்னால் ஆர் கேக்கினம்?"

"இங்கை புள்ளி போடுறது நான். அங்கை எழுதுங்கோ."

சிவரூபன் அட்டவணைகளைப் படித்தான். பொதியிடலை மூட முடியாது. வருமானத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது. போக்குவரத்து ஏற்கெனவே வெளியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. எஞ்சியது நிறுவை, அவனுடைய பிரிவு. நிறையைத் தானே பதிவுசெய்யும் புதிய தராசு, அந்தப் பிரிவிலுள்ள அத்தனை பேரின் வேலையையும் செய்யும் என்றது தாள்.

லொறிக்காரர் ஐயப்பட்டால் முகம் சுளிக்காமல் மறுபடியும் நிறுத்துக் காட்டும் நிறுவைப் பிரிவினரின் வழக்கம், 'மீள்நிறுவையால் ஏற்படும் தாமதம்' என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றிருந்தது. தராசடியில் இன்றுவரை ஒரு சண்டையும் நடக்காததற்கு அந்த வழக்கமே காரணம் என்பது தாளில் இல்லை.

ஊழியருக்கு மீள்பயிற்சி அளிப்பதைப் பற்றி எழுத நினைத்தான். அதற்கு நிதி இல்லை என்றது அடிக்குறிப்பு. தாளைத் தயாரித்தவர் கவனமானவர்.

மழுப்பி எழுதினால் பதவி வேறொருவருக்குப் போகும். அந்த வேறொருவரும் இந்த விடையையே எழுதியிருப்பார்.

'ஆகவே நிறுவைப் பிரிவு மூடப்படலாம்' என்று எழுதினான்.

சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே 'மூடப்பட வேண்டும்' என்று திருத்தினான். செயப்பாட்டுவினையில் ஒரு வசதி உண்டு. மூடுபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு தடை ஏதும் இருக்கவில்லை. ஒவ்வொரு பந்தியும் முந்திய பந்தியிலிருந்து பிறந்தது. மிகையான சொல் ஒன்றுகூட இல்லை. அவன் இதுவரை எழுதியவற்றுள் அதுவே சிறந்தது; கஜந்தியின் சிவப்புப் பேனைக்கு அதில் வேலை இருந்திராது.

படிக்கட்டில் பஸ்மியா அவனுக்காகக் காத்து நின்றாள்.

"நானும் அதத்தான் எழுதின," என்றாள். "மன்னிச்சிக்கங்க அண்ணா."

"தாள் அதைத்தானே கேட்டது" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

கீழே, தராசுக் கொட்டகையின் வாசலில் நிறுவைப் பிரிவுச் சின்னப்போடி கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பழைய மேற்பார்வையாளர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து மூலையில் தூசி படிந்து கிடந்த கதிரையை வெளியே இழுத்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மேசைக்கு முன்னால் கொண்டுவந்து போட்டிருந்தார். பிரிவிலுள்ள மற்றவர்களும் வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள்.

"வாங்கோ, வாங்கோ. இண்டைக்குக் கடைசியாத் தம்பி எண்டு கூப்பிடுறன். நாளையிலயிருந்து சேர்."

"இன்னும் முடிவு வரயில்லை, அண்ணை."

"வந்தால் என்ன, வராட்டி என்ன? இந்தக் கதிரைக்குத்தானே சோதினை. இருங்கோ."

சிவரூபன் இருந்தான். கதிரையில் இன்னும் ஈரம் இருந்தது.

சின்னப்போடி மற்றவர்களைப் பார்த்துப் பெருமையோடு சிரித்தார்.

"எங்கடை பிரிவைப் பற்றி இவரைவிட வடிவா ஆர் எழுதுவினம்?"

ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். அது சிவரூபனுக்கு நிச்சயம்.