தூண் ஓரத்து இணைப்பு

நீக்கிய பெயர் மறுபடியும் திரையில் வந்து உட்கார்ந்திருந்தது.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. தூண் ஓரத்து இருக்கை. பக்கத்தில் பச்சை எழுத்தில் 'அழைப்பில்' என்று வேறு காட்டியது.

கூடத்தில் ஒருவருமில்லை. மின்தடைப் புகார்களை நாளெல்லாம் கேட்டுப் பதிகிறவர்கள், தொலைபேசிகள் ஓய்ந்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பழைய தொலைபேசி மென்பொருளை நிறுத்திவிட்டுப் புதியதை எழுப்பியாக வேண்டும்.

பழையது தாராள மனசுக்காரன். யார் உள்ளே வந்தாலும் கண்டுகொள்ளாது. புதியது அப்படியில்லை. ஆளுக்கு ஓர் உரிமம். இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடும். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் எண்ணி வாங்கியிருந்தார்கள்.

தூண் ஓரத்துப் பெண்ணுக்கு வாங்கவில்லை. சாலை விபத்தில் அவள் போய்ப் பல மாதங்கள் ஆகின்றன என்று காலையில்தான் அலுவலகத்தில் சொன்னார்கள்.

போனவள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்?

எழுந்து போய்ப் பார்த்தார். நாற்காலி காலி. மேசையில் கிடந்த ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்தார்.

மூச்சு. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது.

"அம்மாடி... இருக்கியா?"

பொறியாளர் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கியாம்மா?"

பின்னாலிருந்து ஒரு கை ஹெட்செட்டைப் பிடுங்கியது. கண்காணிப்பாளர் அம்மாள். அவர் குரலை உயர்த்தினால் கூடமே கப்சிப் ஆகிவிடும். காலையில் வயர்களைத் தரையில் பரப்பியதற்குப் பொறியாளரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கேன்பா," என்றார் அந்த அம்மாள்.

அது அவர் குரலே இல்லை. மெல்லிய, கொஞ்சம் செல்லம் கொஞ்சுகிற, சின்னப் பெண்ணின் குரல்.

மறுமுனையில் மூச்சு நிதானப்பட்டது. அவர் மைக்கை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவளோட அப்பா. படுத்த படுக்கை. எதுவும் நினைவுல நிக்கல. அவ வேலைக்கு வந்தா வீட்டு லைனைத் திறந்தே வெச்சிருப்பா. அவர் அப்பப்ப கூப்பிடுவாரு, இவ ஒரு வார்த்தை சொல்லுவா. அவ்வளவுதான், தூங்கிடுவாரு."

"அவருக்குத் தெரியாதா?"

"சொன்னோம். ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கேக்கிற மாதிரி அழுதாரு. அதுக்கப்புறம் சொல்றதில்ல."

நீக்கிய பெயரைத் திரும்பப் போட்டது யார் என்று பொறியாளர் கேட்கவில்லை.

"இந்த லைனைக் கட் பண்ணாம மாத்த முடியாது மேடம். கட் பண்ணா அவங்க பேர்ல மறுபடி திறக்கவும் முடியாது. இல்லாதவங்களுக்கு உரிமம் தர மாட்டாங்க."

காலையில் அதட்டியவர் இப்போது ஹெட்செட்டின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அது பொறியாளருக்கு என்னவோ போலிருந்தது.

சோதனைக்கென்று அவரிடம் ஓர் உரிமம் இருந்தது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். "லைன் கொஞ்ச நேரம் இருக்காதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க," என்றார்.

அந்த அம்மாள் சொன்னார், அதே சின்னக் குரலில். பொறியாளர் பழையதை நிறுத்தினார்.

பச்சை எழுத்து அணைந்தது.

புதிய மென்பொருள் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் அந்த அம்மாள் ஹெட்செட்டைக் கழற்றவேயில்லை. செத்துப்போன இணைப்பைக் காதில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். அங்கே, விசிறிக்குக் கீழே, ஒரு கிழவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பொறியாளரால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உரிமங்கள் ஒவ்வொன்றாக இருக்கைகளில் போய்ச் சேர்ந்தன. சோதனை உரிமத்தைத் தூண் ஓரத்தில் போட்டார்.

பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண் யாரோ திரும்ப அழைத்திருக்க வேண்டும். தூண் ஓரத்துத் தொலைபேசியில் விளக்கு சிமிட்டியது.

ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டியது அவர் வேலை. இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். புதிய இணைப்பு துல்லியமாக இருந்தது. பெரியவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"எங்கம்மா போயிட்ட? பயந்தே போயிட்டேன்."

"இங்கதான்பா இருக்கேன்."

"உங்கக்கா எங்க? அவதானே அங்க உனக்கு மேலதிகாரி?"

பொறியாளர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

கண்காணிப்பாளர் அம்மாள் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல இருந்தா ஒரு வார்த்தை பேசச் சொல்லேன். அவ குரலைக் கேட்டு எத்தனையோ நாளாச்சு. எம்மேல ஏதும் கோவமா?"

அந்த அம்மாளின் உதடுகள் திறந்தன. தொண்டையில் ஏதோ ஒன்று, கனமாக, அவருடைய சொந்தக் குரலாகவே, ஏறி வருவது தெரிந்தது. கண்ணை மூடி அதை விழுங்கினார்.

"அக்கா இப்ப இங்க இல்லப்பா," என்றது சின்னக் குரல்.